சங்கிலி இல்லாத சைக்கிள்

எனக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது. அன்றைக்கும் தெரியாது, இன்றைக்கும் தெரியாது. ஆனாலும் ஐம்பதுகளின் பிற்பகுதியில், றொசல்ல ஸ்டேஷனுக்கு மேலே இருந்த ஒரு தேயிலைத் தோட்டத்தில், சைக்கிளில் போய் வந்ததற்கென்று மாதாமாதம் மைல் கணக்கில் காசு வாங்கியவள் நான். இதைச் சொன்னால் என் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அந்தச் சைக்கிளை மலையில் ஏற்றி இறக்கியது அவர்களில்லை.

அந்தத் தோட்டத்துக்கு மருத்துவச்சியாகப் போனபோது எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. நான் ஹட்டன் டவுனில் வளர்ந்தவள். அப்பா அங்கே ஒரு பேக்கரியில் அடுப்படி வேலை பார்த்தார். கண்டியில் படித்துச் சான்றிதழ் வாங்கியதும் கிடைத்த முதல் வேலை இது. தோட்டம் மூன்று பிரிவாக இருந்தது. பிரிவை அங்கே கணக்கு என்பார்கள். கீழ்க்கணக்கில் தேயிலை ஸ்டோர், ஆபிஸ், மருந்துச்சாலை, அதையொட்டி எனக்கு ஒற்றை அறையும் ஒரு குசினியும். அதற்கு மேலே நடுக்கணக்கு. எல்லாவற்றுக்கும் உச்சியில், வருஷத்தில் பாதி நாள் மூடுபனிக்குள் கிடந்த மேல்கணக்கு.

நடுக்கணக்கு வரைக்கும் லொறி போகும் ரோட்டு இருந்தது. அதற்கு மேலே ரோட்டு கிடையாது. கல்படி, கான் என்கிற வடிகால், கானுக்கு மேல் போட்ட ஒற்றைப் பலகை, மறுபடி கல்படி என்று தேயிலைச் செடிகளுக்கு நடுவே ஒரு பாதை ஏறும். மழை பெய்தால் அந்தப் படிகளே அருவியாகிவிடும். அந்தப் பக்கத்தில் எப்போது மழை பெய்யவில்லை என்று கேட்பதுதான் சுலபம். வாரத்துக்கு ஒரு முறையாவது நான் மேல்கணக்குக்குப் போய்ப் பிள்ளைத்தாய்ச்சிகளைப் பார்க்க வேண்டும், பிறந்த குழந்தைகளை நிறுக்க வேண்டும். வலி கண்டதென்று ஆள் வந்தால் எந்த நேரமானாலும் ஓட வேண்டும்.

எனக்கு மேலதிகாரி, தோட்டத்து டிஸ்பென்சர். சனங்கள் அவரை டாக்டரய்யா என்பார்கள். நல்ல மனிதர்தான். கை ராசியும் உண்டு. அவரிடம் ஒரு மோட்டார் சைக்கிள் இருந்தது. அதில் நடுக்கணக்கு வரைக்கும் போவார். மேலே உள்ள நோயாளிகள் அங்கே இறங்கி வந்து அவரைப் பார்ப்பார்கள். மாதம் முடிந்ததும் ஒரு படிவத்தில் எங்கே போனேன், எத்தனை மைல் என்று எழுதிக் கொடுப்பார். சம்பளத்தோடு மைல் காசும் வரும்.

அந்தக் காசைப் பற்றிப் பேசுவதில் அவருக்கு ஒரு தனி ருசி. மைல் காசு சம்பளத்தில் சேராதாம், வருமான வரிக்காரன் அதில் கை வைக்க முடியாதாம். அதோடு, வேலைக்காக ஓடி ஓடி மோட்டார் சைக்கிள் தேய்ந்துபோவதற்கும் வரியில் ஒரு கழிவு உண்டென்று யாரோ சொல்லி, அதற்கும் கொழும்புக்கு எழுதிப் போட்டிருந்தார். ஒரு நாள் நான் மேல்கணக்கிலிருந்து வந்து, மருந்துச்சாலை வாசலில் உட்கார்ந்து, காலில் ஏறிய அட்டைகளைச் சவர்க்காரத் துண்டால் தேய்த்து எடுத்துக்கொண்டிருந்தபோதுதான் இதையெல்லாம் எனக்கு விளக்கினார். அவருடைய டயர் தேய்வது கொழும்பு வரைக்கும் தெரிகிறது. என் கன்வஸ் சப்பாத்தில் பெருவிரல் வெளியே எட்டிப் பார்க்கிறது, அது பக்கத்து ஆபிசுக்குத் தெரியவில்லை. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிடும், அது என் பிறவிக் குணம். மறுநாள் காலையில் ஆபிசுக்குப் போய் நின்றேன்.

பெரிய கிளாக்கர் யாழ்ப்பாணத்து மனிதர். வெள்ளை லோங்ஸ் கால்சட்டை, நெற்றியில் திருநீறு, மேசையில் ஒரு தூசி இருக்காது. அவரை யாரும் ஏமாற்ற முடியாது, யாரும் அசைக்கவும் முடியாது. டாக்டரய்யாவுக்குக் கொடுக்கிற மைல் காசு எனக்கும் வேண்டும், அவர் போகாத இடத்துக்கும் நான் போகிறேன் என்றேன். அவர் ஒரு காகிதக் கட்டைப் புரட்டி, ஒரு பக்கத்தில் விரலை வைத்தார்.

"பிள்ளை, உமக்குத் தர எனக்கு மனமில்லாமலில்லை. மைல் காசு வாகனத்துக்கு. சில்லு ஓடினால்தான் காசு. உம்மட்டைச் சில்லு கிடக்கோ?"

சில்லென்று அவர் சொன்னது சக்கரத்தை. "அப்போ நான் மேல்கணக்குக்கு உருண்டு போகட்டுங்களா?" என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. உருண்டு போனாலும் விதியில் இடமில்லை என்று, யோசித்துப் பார்த்துத்தான் பதில் சொன்னார். நான் விடாமல் நின்றதால், தோட்டத்து மேலாளரான துரையிடம் கேட்டுச் சொல்வதாகச் சொல்லி அனுப்பினார்.

கேட்டிருக்கவே வேண்டாம். துரையிடமிருந்து வந்த பதில் என்னைத் தூக்கிவாரிப் போட்டது. மருத்துவச்சிக்கு நடப்பது கஷ்டமாக இருந்தால் அவள் நடக்க வேண்டியதில்லை. மேல்கணக்குப் பிள்ளைத்தாய்ச்சிகள் வாரம் ஒரு நாள் கீழே மருந்துச்சாலைக்கு வரட்டும். அவ்வளவுதான். அடுத்த நாள் விடியற்காலையில், சனங்களை வரிசையில் நிறுத்தி வேலைக்குப் பிரிக்கும் பெரட்டில், மலை வேலைகளை மேற்பார்க்கும் கண்டாக்கையா அதை அறிவித்தும்விட்டார்.

காசு கேட்கப்போன எனக்கு ஓய்வு கிடைத்தது. வயிற்றுப் பிள்ளையோடு இருக்கிற பெண்களுக்கு என் நடை கிடைத்தது. அதுவும் சும்மா இல்லை. கீழே வந்து போனால் அரை நாள் போய்விடும். அரை நாள் போனால் அன்றைக்கு அரைப் பேர்தான் விழும், அதாவது பாதிக் கூலி. முதல் வாரம் சிலர் வந்தார்கள். எட்டு மாதக்காரி ஒருத்தி பலகையில் வழுக்கிக் கானுக்குள் விழுந்து, இடுப்பு வரைக்கும் சேற்றோடு வந்து நின்றாள். குழந்தைக்கு ஒன்றுமில்லை. அடுத்த வாரம் ஒருத்தியும் வரவில்லை. வலி எடுத்தால் ஆள் அனுப்புவதாக, கொழுந்து நிறுக்கக் கீழே வந்த ஒருத்தியிடம் சொல்லிவிட்டிருந்தார்கள். வலி எடுத்த பிறகு ஆள் வந்து, நான் ஏறிப் போய்ச் சேருவதற்குள் என்னென்ன நடக்கும் என்பது எனக்குத் தெரியும். இந்த உத்தரவு ரத்தாகாவிட்டால் மேலே யாராவது ஒருத்தி சாகப்போகிறாள், அதற்கு என் வாய்தான் காரணமாக இருக்கும். ராத்திரி படுத்தால் அதுதான் நினைப்பு.

மைல் காசை விட்டுவிடுகிறேன், பழையபடி நடக்கிறேன் என்று போய்ச் சொல்லியிருக்கலாம். துரை கொடுத்த உத்தரவைத் திருப்பி எடுப்பது அந்தக் காலத்தில் நடக்கிற காரியமில்லை. அவருக்கும் மானம் போகாமல், எனக்கும் வழி பிறக்கிற மாதிரி ஏதாவது வேண்டும். பெரிய கிளாக்கர் கேட்டது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. உம்மட்டைச் சில்லு கிடக்கோ. சரி, சில்லுதானே, வாங்கிவிட்டால் போயிற்று.

அந்த ஞாயிற்றுக்கிழமை ரயிலேறி ஹட்டனுக்குப் போனேன். மணிக்கூட்டுச் சந்திக்குப் பக்கத்தில் முஸ்லிம் நானா ஒருவரின் கடை இருந்தது. விளக்கு, வாளி, மண்வெட்டி, பழைய சைக்கிள் எல்லாம் விற்பார். அப்பாவுக்குப் பழக்கமானவர் என்பதால் தவணைக்குத் தருவார். உள்ளதிலேயே விலை குறைந்த சைக்கிள் எது என்று கேட்டேன்.

"ஓட்டத் தெரியுமா தங்கச்சி?" என்றார்.

"தெரியாது நானா."

"அப்ப ஆரு ஓட்டுற?"

"யாரும் ஓட்டப்போறதில்ல. தள்ளிக்கிட்டுத்தான் போவேன்."

நானா என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு வியாபாரி மூளை வேலை செய்தது. ஓட்டப்போவதில்லை என்றால் சங்கிலி எதற்கு, அது புதுச் சங்கிலி, வேறொரு சைக்கிளுக்குப் போட்டுக்கொள்கிறேன், விலையில் கழித்துவிடுகிறேன் என்றார். எனக்கும் அது நியாயமாகப் பட்டது. மிதிக்காத வண்டிக்குச் சங்கிலி என்னத்துக்கு? பிரேக்கையும் கழற்றலாமா என்று கேட்டார். அதை மட்டும் வேண்டாமென்றேன். பின்னால் இறக்கங்களில் அந்தப் பிரேக்தான் என்னைக் காப்பாற்றியது.

சங்கிலி இல்லாத சைக்கிளை ரயிலில் சாமான் பெட்டியில் ஏற்றி றொசல்லவில் இறக்கினேன். ஸ்டேஷன் மாஸ்டர் சிங்களத்தில், சங்கிலி வழியில் விழுந்துவிட்டதா என்று அக்கறையாகக் கேட்டார். இல்லை, விற்றவரிடமே இருக்கிறது என்று தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். திருடர்கள் அப்படித்தான் என்று அவர் தலையாட்டினார். விளக்கிச் சொல்ல எனக்குச் சிங்களம் போதவில்லை.

திங்கட்கிழமை காலை ஆபிஸ் வாசலில் சைக்கிளை நிறுத்திவிட்டுப் பெரிய கிளாக்கரைக் கூப்பிட்டேன். அவர் எழுந்து வெளியே வந்தார். நான் அந்த மனிதரின் முகத்தில் சந்தோஷம் பார்த்தது அன்றைக்குத்தான். யாழ்ப்பாணத்தில் சைக்கிளிலேயே வளர்ந்தவர், இந்த மலைக்கு வந்து எத்தனையோ வருஷமாக ஒரு சைக்கிளைத் தொடவில்லை போலிருக்கிறது. ஹாண்டிலைத் தடவினார். டயரைப் பெருவிரலால் அழுத்தி, காற்று குறைவென்று சொல்லி, தன் குவாட்டர்ஸுக்கு ஆளனுப்பிப் பம்ப் எடுப்பித்துத் தானே குனிந்து காற்றடித்தார். சங்கிலி இருக்க வேண்டிய இடம் அவர் மூக்குக்கு நேரே இருந்தது. நிமிர்ந்து கையைத் துடைத்துக்கொண்டார்.

"ரெண்டு சில்லும் கிடக்கு. நான் துரைக்கு எழுதுறன்."

அப்படியே எழுதினார். மருத்துவச்சியிடம் இப்போது வாகனம் இருப்பதால் அவள் மேல்கணக்குக்குப் போய் வருவதில் சிரமமில்லை, பெண்கள் கீழே வரத் தேவையில்லை, மைல் காசு விதிப்படி. துரை கையெழுத்துப் போட்டார். பெரட்டில் பழைய உத்தரவை ரத்துச் செய்தார்கள். பாதை எத்தனை மைல் என்று ஒருவருக்கும் தெரியாததால், பெரிய கிளாக்கர் தோட்டத்து வரைபடத்தில் நூலைப் பிடித்து, வளைவுக்கு வளைவு வைத்து அளந்தார். ஒரு சதம் கூடவும் விடமாட்டார், குறையவும் விடமாட்டார்.

அதற்குப் பிறகு நான் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. பையைச் சைக்கிளின் பின்னால் கட்டலாம், அது ஒன்றுதான் லாபம். ஏறும்போது அது பின்னால் இழுக்கும், இறங்கும்போது முன்னால் இழுக்கும். சேலை சில்லில் மாட்டும். பெடல் கணுக்காலில் அடிக்கும். கண்டாக்கையா, சைக்கிள் தடம் பட்டுப் பாதை கெடுகிறது என்று முறைப்பார். கொழுந்து எடுக்கிற பெண்கள் மாட்டைப் பிடித்துக்கொண்டு போகிற மாதிரி இருக்கிறதென்று, மலையில் நின்றபடியே, "அம்மா, மாடு கறக்குதுங்களா?" என்று கேட்பார்கள். சினை மாடு, இன்னும் நாளாகும் என்று சொல்லிவிட்டுப் போவேன். கோபக்காரி என்று பேரெடுத்த எனக்கு அந்தக் கேலி மட்டும் ஏனோ கோபத்தை வரவழைக்கவில்லை. அவர்கள் வயிற்றைத் தொட்டுப் பார்க்க மேலே போய்க்கொண்டிருந்தேன், அது போதுமாக இருந்தது.

கல்படி வருகிற இடங்களில் சைக்கிளை ஏற்ற என்னால் முடியாது. அங்கே யாராவது இருப்பார்கள். கான் வெட்டுகிறவர்கள், தேயிலைச் செடியைக் கத்தரித்துக் கவ்வாத்து வெட்டுகிறவர்கள். கூப்பிட வேண்டியதே இல்லை. கத்தியை வைத்துவிட்டு வந்து, சைக்கிளைத் தோளில் போட்டு, மேலே சமதரையில் இறக்கிவிட்டுப் போவார்கள். எதற்காக இந்தக் கூத்து என்று ஒருவர் கேட்டார், சொன்னேன். வண்டி வந்தாத்தான் சல்லியா என்று கேட்டுவிட்டு, அதற்கு மேல் அதைப் பற்றிப் பேசவில்லை. தோட்டத்தில் இதைவிட விசித்திரமான விதிகளையெல்லாம் பார்த்தவர் அவர்.

ஒரு வருஷம் இப்படிப் போனது. மாதாமாதம் படிவம் எழுதினேன், மாதாமாதம் காசு வந்தது. நானாவின் தவணை முடிந்தது. நல்ல சப்பாத்து ஒன்று வாங்கினேன். மேல்கணக்கில் அந்த வருஷம் பிரசவத்தில் ஒருத்தியையும் நான் இழக்கவில்லை.

பிறகு ஒரு நாள் முற்பகலில், மேல்கணக்கிலிருந்து ஒருவர் மூச்சிரைக்க ஓடி வந்தார். அவர் மனைவிக்குக் குழந்தை பிறந்துவிட்டது, ரத்தம் நிற்கவில்லை. பையை எடுத்துக்கொண்டு ஓடினேன். சைக்கிள் மருந்துச்சாலைச் சுவரில் சாய்ந்தபடி இருந்தது. அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அந்த இழவைத் தள்ளிக்கொண்டு போனால் இரண்டு பங்கு நேரமாகும்.

போய்ப் பார்த்தேன். ஊசி போட்டும் முழுதாக நிற்கவில்லை. வயிற்றை அழுத்திப் பிடித்தால் குறைந்தது, விட்டால் கொட்டியது. கீழே கொண்டு போனால்தான் பிழைப்பாள். அவர்கள் குடியிருந்த லயத்தை ஒட்டிய மலையில் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்த நான்கு பேர் கத்திகளைப் போட்டுவிட்டு வந்தார்கள். ஒரு கம்பளியில் அவளைக் கிடத்தி, கம்பில் கட்டித் தோளில் தூக்கினார்கள். அந்தப் படிகளில், மழையில், அவளை ஒரு பக்கமும் சாயவிடாமல் இறக்கினார்கள். நான் கம்பளிக்குள் கையை விட்டு அவள் வயிற்றைப் பிடித்தபடியே பக்கத்தில் நடந்தேன். ஒற்றையடிப்பாதையில் பக்கத்தில் நடக்க இடமில்லை. தேயிலைச் செடிகளுக்குள்ளேயே நடந்தேன். முழங்காலிலிருந்து கீழே தோல் இல்லை. நடுக்கணக்கில் ஸ்டோர் லொறி காத்திருந்தது, டாக்டரய்யா அதைக் கொண்டுவரச் செய்திருந்தார். பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தம் ஏற்றினார்கள். அவள் பிழைத்தாள். குழந்தையை ஒரு வாரம் பக்கத்து வீட்டுக்காரி தன் பிள்ளையோடு சேர்த்துப் பால் கொடுத்துப் பார்த்துக்கொண்டாள்.

மாதக் கடைசியில் படிவம் எழுதும்போது அந்த நாளையும் எழுதினேன். எழுதாமல் விட எனக்குத் தோன்றவே இல்லை. பெரிய கிளாக்கர் மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டே வந்தார், அந்த வரியில் பேனா நின்றது.

"அண்டைக்குச் சைக்கிள் கீழ நிண்டது. நான் கண்டனான்."

ஆமாம் என்றேன். அவர் ஸ்கேலை வைத்து அந்த வரியை நேராக வெட்டினார்.

எனக்குக் கோபம் கண்ணை மறைத்தது. அந்த வருஷம் முழுக்க நான் நடந்த நடையில் உருப்படியான நடை அது ஒன்றுதான், அதற்குத்தான் காசில்லையா என்று கத்தினேன். உள்ளே துரையின் அறைக்குக் கேட்டுவிட்டது. கதவைத் திறந்து, என்னை உள்ளே வரச் சொன்னார்.

துரை அதிகம் பேசமாட்டார். அந்த மலைகளில் பல வருஷம் இருந்து தோட்டத்துத் தமிழ் நன்றாகப் பேசுவார், எல்லாரையும் நீ என்றுதான் சொல்வார். படிவத்தை வாங்கிப் பார்த்தார். சைக்கிள் ஓட்டத் தெரியுமா என்று கேட்டார். இனி மறைத்து என்ன ஆகப்போகிறது என்று, தெரியாது என்றேன். அந்த வண்டியை யாராலும் ஓட்ட முடியாது என்றும் சொன்னேன். வேலை போனாலும் போகட்டும் என்கிற அளவுக்கு அப்போது எரிச்சல்.

"தெரியும். அதுக்குச் சங்கிலி இல்லே. முதல் மாசமே பார்த்தேன்" என்றார்.

தெரிந்தும் ஏன் கையெழுத்துப் போட்டீர்கள் என்று கேட்டேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பினார். பகல் கொழுந்து நிறுக்கிற நேரம். கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு, இடுப்பில் சாக்குப் படங்கைச் சுற்றிக்கொண்டு, பெண்கள் வரிசையாக மேலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். பேனாவால் அவர்களைக் காட்டினார்.

"சில்லுக்கு நான் காசு கொடுக்கலாம். யாரும் கேக்க மாட்டான். காலுக்குக் கொடுத்தா, பார், இந்தத் தோட்டத்திலே எத்தனை காலு இருக்கு?"

லயத்திலிருந்து பெரட்டுக்கு, பெரட்டிலிருந்து மலைக்கு, மலையிலிருந்து நிறுவைக்கு, மறுபடி மலைக்கு. அவர்கள் ஒவ்வொரு நாளும் நடந்த நடை எந்தப் படிவத்திலும் இல்லை. கொழுந்து பறித்த நேரத்துக்குத்தான் கூலி, பறிக்கப் போன வழிக்கு இல்லை. நான் தினமும் பார்த்த வரிசைதான் அது. அதை ஒரு தூரமாக அதற்கு முன் நான் நினைத்ததே இல்லை.

துரை பேனாவைத் திறந்து, வெட்டிய வரிக்குப் பக்கத்தில் தன் பெயரின் முதலெழுத்துகளைப் போட்டார். அன்றைக்கும் சைக்கிள் போனது, தான் பார்த்ததாகச் சொன்னார். போகலாம் என்று கையைக் காட்டினார். நான் போகவில்லை. அந்தப் பெண்ணைத் தூக்கி வந்த நான்கு பேருக்கும் அன்றைக்குப் பேர் போடவில்லை என்று எனக்குத் தெரியும். கத்தியைப் பாதியில் போட்டுவிட்டுப் போனவனுக்குப் பேரில்லை என்று கண்டாக்கையா சொல்லிவிட்டார். அதைச் சொல்லி, அவர்களுக்குப் பேர் போட வேண்டும் என்று கேட்டேன். மலையில் நடப்பது கண்டாக்கின் பொறுப்பு, அதில் தான் தலையிடுவதில்லை என்றார் துரை. இன்னொரு தடவை கேட்டேன். அவர் வேறொரு காகிதத்தை எடுத்துப் படிக்கத் தொடங்கினார்.

வெளியே வந்தேன். எனக்கு வந்தது கோபம்தான், ஆனால் வழக்கமாக வருகிற கோபமில்லை. யார் மேல் என்று சொல்லத் தெரியவில்லை. கேட்டது கிடைத்துவிட்டது, இதைவிடக் கிடைக்காமல் போயிருக்கலாம் என்று இருந்தது. கண்டாக்கையாவைத் தேடிப் போய்க் கேட்டேன். அவர் என்னை, கொடுத்த வேலையைப் பார்க்கச் சொன்னார். அந்தப் பேர் கடைசிவரை விழவில்லை.

அன்றைக்கு மேல்கணக்குக்குப் போகிற நாள். பையைக் கட்டிக்கொண்டு சைக்கிளைத் தள்ளினேன். முதல் கல்படியில் அந்த நான்கு பேரில் மூத்தவர் நின்றிருந்தார். எப்போதும்போல் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு முன்னால் ஏறினார். ஏறிக்கொண்டே, ஆபிசில் சத்தம் போட்டேனாமே, மைல் காசை வெட்டிவிட்டார்களா என்று கேட்டார். செய்தி அதற்குள் மலைக்கு வந்திருந்தது. இல்லை, கொடுத்துவிட்டார்கள், அந்த நாளுக்கும் சேர்த்து, என்றேன். நல்ல வேளை அவர் முன்னால் போய்க்கொண்டிருந்தார். என் முகத்தை அவர் பார்க்கவில்லை.

"அதானே ஞாயம். அம்புட்டுத் தூரம் நடந்து வந்தீங்களே அம்மா" என்றார்.

அதில் குத்தல் ஒரு துளியும் இல்லை. உண்மையாகவே சந்தோஷப்பட்டுத்தான் சொன்னார். மேலே சமதரையில் சைக்கிளை இறக்கி வைத்து, சில்லில் அப்பியிருந்த சேற்றைக் கையால் வழித்துப் போட்டுவிட்டு, விட்ட இடத்தில் கவ்வாத்து வெட்டப் போனார்.